ஓடிபி போன இடம்

பேருந்து நிலையத்தில் எல்லோரும் அவரை மைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மாடிப்படிக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் ஒரு மேசை, கடகடவென்று ஆடும் மின்விசிறி, கழுத்து வளைந்த ஒரு மைக். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை விசாரணைச் சன்னலருகே அழுதுகொண்டு நிற்கிறது என்று அங்கிருந்து சொல்வது அவர் வேலை. கணீரென்ற குரல். வண்டி வரத் தாமதமாகும் என்று அவர் வாயால் சொன்னால் ஜனங்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். ஏதோ நல்ல சேதி கேட்டதுபோலப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு டீக்கடைப் பக்கம் நடப்பார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. குளிக்கப் போவதைக்கூட அறிவித்துவிட்டுத்தான் போவார். அவர் மனைவி திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கத் தையல் மிஷின் இரைச்சலில் இருந்துவிட்டு வருபவள். "வீட்லயாவது மைக்க ஆஃப் பண்ணுங்களேன்" என்பாள். பிற்பாடு அந்த வார்த்தையை நினைத்து அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளாத நாளில்லை.

அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. பிறகு ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனாள். கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் வேறு வழி தெரியாமல், ஊர்க்கோடியில் இருந்த முதியோர் இல்லத்தில் அவளைச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கூண்டைப் பூட்டுவதற்கு முன்னால் அவர் அம்மாவுக்குப் போன் செய்வார். "அம்மா, சாப்ட்டியா?" என்று தொடங்குவார். நர்ஸ் போனைக் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். மகன் கேட்ட பிறகுதான் அம்மா சாப்பிடுவாள். மருமகள் பெயர், நாள், கிழமை எல்லாம் மறந்த பிறகும் மகனின் குரல் மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

தொண்டை கட்டிக்கொண்டது என்று முதலில் நினைத்தார். கூண்டு மின்விசிறியின் தூசி என்று நினைத்தார். மருந்துக் கடை மாத்திரையில் சில மாதங்கள் ஓட்டினார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், புற்றுநோய், உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார். இனிமேல் கழுத்தில் போடும் ஓட்டை வழியாகத்தான் மூச்சு. பேச்சு கிடையாது.

அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் குரலில் வேண்டியதையெல்லாம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஆசைப்பட்டாலும் கிடைக்காது என்று அவர் சொன்னார். மைக்காரர் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளிச்சத்தம் விழாமல், கரகரத்துப்போன தொண்டையால் செல்போனில் பேசினார். அம்மா, நான்தான். அம்மா, சாப்ட்டியா? மாத்திரை போட்டியா? எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வேலை கொஞ்சம் ஜாஸ்தி. சரிம்மா, நாளைக்குப் பேசறேன். இப்படி வாக்கியம் வாக்கியமாக. மனைவிக்கும் ஏதோ பேசி வைத்தார். அதை அவளுக்குப் போட்டுக் காட்டவில்லை.

செல்போன் அதையெல்லாம் தானாகவே இணையத்தில் ஒரு கம்பெனியிடம் இருந்த அவருடைய கணக்கில் ஏற்றி வைத்துக்கொண்டது. அந்தக் கணக்குக்கு முன்பெல்லாம் பாஸ்வேர்டு மட்டும்தான். ஆபரேஷனுக்கு முந்தைய வருஷம் திடீரென்று, இனிமேல் பாஸ்வேர்டு போதாது, போன் நம்பரும் கொடு, நுழையும்போது அந்த நம்பருக்கு ஓடிபி அனுப்புவோம் என்று அது கேட்க ஆரம்பித்தது. என் பெட்டியை நான் திறக்க எவனிடம் கேட்க வேண்டும் என்று மைக்காரருக்கு எரிச்சல். 'பிறகு' என்ற பொத்தானை அமுக்கி அமுக்கி நாளைக் கடத்தினார். ஒரு நாள் அந்தப் பொத்தானே காணாமல் போனது. கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்றது. கொடுத்துத் தொலைத்தார். ஓடிபி வராத அவசரத்துக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று அது காட்டிய மாற்று எண்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து அவர் நினைவில்லாமல் கிடந்த நேரத்தில் வார்டில் யாரோ அந்தச் செல்போனைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கிவிடலாம் என்று மச்சான் சொன்னான். மனைவியின் தம்பி அவன்; செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். மைக்காரர் தன் எழுதுபலகையில் எழுதினார்: பேச முடியாதவனுக்கு எதற்கு நம்பர். மச்சான் வற்புறுத்தினான். அவர் அதன் அடியில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். அதற்கு மேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கதிர்வீச்சு, வாந்தி, மறுபடி காய்ச்சல் என்று மாதங்கள் போயின. அந்த நம்பரும் போனது. அத்தனை மாதமும் மகன் நாளைக்குப் பேசுவான் என்று சொல்லிச் சொல்லித்தான் நர்ஸ் அம்மாவுக்கு ஊட்டினாள்.

உடம்பு தேறி முதல் முறையாக அம்மாவைப் பார்க்கப் போன அன்றைக்குத்தான் அவருக்கு உலகம் இடிந்தது. கட்டிலருகே உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்தார். எலும்பும் தோலுமாகிவிட்டிருந்த அவருடைய கையை அவளால் அடையாளம் காண முடியவில்லை. யாரது, யாரது என்று கையை உதறினாள். "அத்தை, உங்க மகன்தான்" என்றாள் மனைவி. "அவன்னா பேசுவானே" என்றாள் அம்மா.

தொண்டையில் வைத்துப் பேசும் சிறு கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். அதை அழுத்திக்கொண்டு அம்மா என்றார். கிணற்றுக்குள்ளிருந்து இரும்பு பேசுவதுபோல ஒரு ரீங்காரம் வந்தது. அம்மா பயந்துபோய்ச் சுவரோரம் ஒடுங்கினாள். நர்ஸ் ஓடி வந்தாள். பிறகு அம்மாவுக்கு எத்தனை முறை விளக்கினாலும், கேட்டு முடிப்பதற்குள் மறந்துபோனது. மச்சான் ஒரு நாள் மைக்காரரைப் போலவே போனில் பேசிப் பார்த்தான். "நீ யாருப்பா, நாடகக்காரனா?" என்று கேட்டுவிட்டாள்.

என் மகன் செத்துப்போய்விட்டான், எல்லோரும் சேர்ந்து மறைக்கிறீர்கள் என்று அவள் சொல்லத் தொடங்கினாள். தட்டைத் தள்ளினாள். வாயில் வைத்ததைத் துப்பினாள். இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று இல்லத்திலிருந்து தகவல் வந்தது.

அப்போதுதான் அலமாரிக்குள் பேசி வைத்த வாக்கியங்களுக்கு விலை தெரிந்தது. வேறெங்கும் அவர் குரல் இல்லை. அத்தனை வருஷம் ஊருக்கே அறிவித்தவரின் ஓர் அறிவிப்பைக்கூட யாரும் பதிவு செய்து வைக்கவில்லை.

மச்சானின் கடையில், உள்ளே பிரித்துப் போட்ட செல்போன்களுக்கு நடுவே உட்கார்ந்து கணக்கைத் திறந்தார்கள். பாஸ்வேர்டு சரி என்றது. அடுத்த நொடி, உங்கள் நம்பருக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம் என்றது. இல்லாத நம்பர் என்று அதனிடம் எப்படிச் சொல்வது? வேறு வழி என்று ஒரு இடம் இருந்தது. அங்கே கேள்விகள். கணக்கை எப்போது தொடங்கினீர்கள், கடைசியாக எந்தப் போனில் நுழைந்தீர்கள். தெரிந்த வரைக்கும் எழுதினார்கள். இந்தக் கணக்கு உங்களுடையதுதான் என்று எங்களால் உறுதிசெய்ய இயலவில்லை என்று பதில் வந்தது. மறுநாள் இன்னும் விவரமாக எழுதினார்கள். அதே வரி. ஆஸ்பத்திரிச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பலாமென்றால், வாங்கிக்கொள்ள இடமில்லை. மனுஷரிடம் பேச ஒரு போன் நம்பர்கூட அந்தக் கம்பெனிக்குக் கிடையாது. மைக்காரர் கீபோர்டை இழுத்து, கேள்விக்கான கட்டத்திலேயே, என் தாய் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று தட்டினார். எண்களை மட்டும் உள்ளிடவும் என்றது அது.

"மாமா, உங்க பழைய நம்பருக்கு அடிச்சுப் பாத்தேன். ரிங் போகுது. வேற யாருக்கோ குடுத்துட்டாங்க" என்றான் மச்சான். அந்த யாருக்கோதான் இத்தனை நாள் ஓடிபிகள் போய்க்கொண்டிருந்தன.

அந்த நம்பருக்கு மனைவி பேசுவதென்று முடிவாயிற்று. மைக்காரர் பலகை நிறைய எழுதிக் கொடுத்தார்: வணக்கம், தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும், ஒரு முக்கியமான வேண்டுகோள். கூண்டில் உட்கார்ந்து அறிவிக்கும் அதே நடை. மனைவிக்கோ படபடப்பு. எதிர்முனையில் ஒரு பெண் ஹலோ என்றதும், எடுத்த எடுப்பில், "அம்மா, இப்ப உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், அத மட்டும் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். மைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

 அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள். "தினமும் எனக்கு ஓடிபியா வருது. யாருடா இதுன்னு பாத்துட்டே இருந்தேன். நீதானா? இன்னொரு வாட்டி இந்த நம்பருக்கு அடிச்சா போலீஸ்தான்."

அந்தப் பெண்ணைச் சொல்லியும் குற்றமில்லை. முன்பு ஒரு முறை இதே மாதிரி அழுது பேசிய ஒருத்தியிடம் ஓடிபியைச் சொல்லி, தன் கணக்கைப் பறிகொடுத்து, அதிலிருந்து சொந்தபந்தம் எல்லோருக்கும் கண்றாவியான செய்திகள் போய், தலைகாட்ட முடியாமல் தவித்தவள். இது பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு மனைவியின் நம்பரை அவள் பிளாக் செய்துவிட்டாள்.

மறுநாள் மச்சானின் போனிலிருந்து மைக்காரரே அடித்தார். யாரும் சொல்லவில்லை; அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கருவியைத் தொண்டையில் அழுத்திக்கொண்டு, முதல் வார்த்தையாகப் பயப்படாதீங்க என்றார். அந்த இரும்புக் குரலில் அதைக் கேட்டால் பயப்படாதவர் யார். அந்த நம்பரும் பிளாக் ஆனது. மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே போனான். மைக்காரர் கருவியை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இல்லத்தில் அம்மாவுக்கு மூக்கில் குழாய் போட்டார்கள். அவள் பிடுங்கி எறிந்தாள். கையைக் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். மைக்காரர் போய்ப் பார்த்தபோது, கட்டியிருந்த துணியை விரலால் நெருடிக்கொண்டு, "யாராச்சும் என் மகன்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் அந்த விரல்களுக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றார். வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் பலகையை எடுத்து, நான் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கக் கூடாது என்று எழுதினார். மனைவி அதைத் தன் முந்தானையால் அழித்தாள். அவர் மறுபடி எழுதினார். அவள் மறுபடி அழித்தாள். இறங்கும் இடம் வரைக்கும் அப்படியே நடந்தது.

மறுநாள் அவள் திரைச்சீலைக் கடை முதலாளியம்மாவிடம் போனைக் கேட்டாள். பேசுவதற்கு அல்ல. அவர் எழுதட்டும், அப்படியே அனுப்புவோம் என்று நினைத்தாள். சாப்பாட்டு வேளையில் மைக்காரர் கடைக்கு வந்து, துணிச் சுருள்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து செய்தி தட்டினார். இந்த முறை அறிவிப்பு நடை இல்லை. எனக்குக் குரல் கிடையாது. என் குரல் அந்தக் கணக்கில் இருக்கிறது. கண் தெரியாத என் அம்மாவுக்கு அது வேண்டும். இந்த நம்பர் முன்னால் என்னுடையது. நான்தான் வேண்டாமென்று விட்டேன். இவ்வளவுதான்.

 சாப்பாட்டு வேளை முடிந்து தையல் மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது, அந்த நம்பரிலிருந்தே வீடியோ அழைப்பு வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு நடுவயதுப் பெண். கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் என்பது பிறகு தெரிந்தது.

"நெசம்னா காட்டுங்க" என்றாள்.

மைக்காரர் வீட்டில்கூடக் கழுத்துத் துண்டைக் கழற்ற மாட்டார். கண்ணாடி பார்த்துச் சுத்தம் செய்யும்போது மனைவியையும் வெளியே அனுப்பிவிடுவார். கடையில் தையல்காரிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் துண்டை அவிழ்த்தார். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை எடுத்துக் கழுத்து ஓட்டைக்கு முன்னால் பிடித்தார். அவர் மூச்சு விட விடக் காகிதம் படபடத்தது. தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"போதுங்க. மூடிக்குங்க" என்றாள் அந்தப் பெண். கொஞ்ச நேரம் கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "போன்ல சொல்லமாட்டேன். நேர்ல வாங்க. என் போன யாரும் தொடக்கூடாது. நானே பாத்துப் படிப்பேன்."

ஓட்டுநர் பள்ளி ஒரே அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். மூலையில் வயிறு கிழித்து வைத்த ஒரு பழைய இன்ஜின். மச்சான் லேப்டாப்பைத் திறந்தான். பாஸ்வேர்டு சரி. அந்தப் பெண்ணின் போன் ஒரு முறை ஒலித்தது. அவள் திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படித்தாள்.

"இத யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கு" என்றாள். அப்புறம் பெருமூச்சு விட்டு, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.

மச்சான் தட்டினான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றி நின்றதும், பல முறை முயற்சி செய்யப்பட்டிருப்பதால் உங்கள் பாதுகாப்புக்காக இந்தக் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம், சில நாட்கள் கழித்து முயலவும் என்று வந்தது.

மைக்காரர் எழுந்து வெளியே போனார். பின்பக்க மைதானத்தில், காரைப் பின்னால் எடுக்கப் பழகுவதற்காக நட்டிருந்த கம்பங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். வாயைத் திறந்து அழுதார். சத்தம் வரவில்லை. கழுத்திலிருந்து உஸ் உஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. பயிற்சிக்கு வந்திருந்த ஒருவர் காரை நிறுத்திவிட்டு என்னவோ ஏதோ என்று பார்த்தார். மனைவி போய்ப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.  "என் பாதுகாப்புக்காம்" என்று அவர் உதடு மட்டும் அசைந்ததை அவள் படித்தாள்.

அந்தச் சில நாட்கள் எத்தனை என்று அந்தக் கம்பெனி சொல்லவில்லை. சீக்கிரம் முயன்றால் இன்னும் தள்ளிப்போகும் என்று மச்சான் பயமுறுத்தினான். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அம்மாவுக்குக் குழாயில் இறங்கும் கஞ்சியும் தங்கவில்லை. குரல் கிடைக்கும் முன்னால் அம்மா போய்விடுவாள் என்று மைக்காரர் நிச்சயமாக நம்பினார். சவரம் செய்யவில்லை. பலகையைத் தொடவில்லை. ஓட்டுநர் பள்ளிப் பெண் மட்டும் அவ்வப்போது செய்தி அனுப்பினாள்: சிம்மை மாத்தலை, ரீசார்ஜ் பண்ணிட்டேன், வாங்க. தன்னுடைய நம்பரை வேறொருவருக்காக அப்படிக் காவல் காத்தாள் அவள்.

இரண்டாம் முறை போனபோது வட்டம் சுற்றி நின்றது, கணக்கு திறந்தது. யாரும் சந்தோஷப்படத் துணியவில்லை. மச்சான் முதல் வேலையாக எல்லாவற்றையும் லேப்டாப்பில் இறக்கினான். பிறகு அக்காவின் போனில் ஏற்றினான். அதற்குள் கணக்கு அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டது. கூடுதல் பாதுகாப்புக்கு எந்த நம்பரைச் சேர்க்க வேண்டும்?

"என் நம்பர மட்டும் அதுலேர்ந்து எடுத்துடுங்க சாமி" என்றாள் அந்தப் பெண். மைக்காரர் அந்த நாட்களில் முதல் தடவையாகச் சிரித்தார். அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனார். போனைப் பிடித்திருந்த கை என்பதால் அவள் சட்டென்று கையை மாற்றிக்கொண்டு இன்னொரு கையைக் கொடுத்தாள்.

அங்கிருந்து நேராக இல்லத்துக்குப் போனார்கள். அம்மா முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. மைக்காரர் போனை அவள் காதோரம் வைத்து அழுத்தினார்.

அம்மா, நான்தான்.

துணியை நெருடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "எங்கடா போயிட்ட?" என்றாள் அம்மா. எத்தனையோ நாளாகத் தேய்ந்து கிடந்த அவள் குரலில் கோபம் வந்திருந்தது. மைக்காரர் அவசரமாகப் பட்டியலைத் தள்ளினார். எங்கே போனேன் என்பதற்கு அவர் பதில் பேசி வைக்கவில்லை. வேலை கொஞ்சம் ஜாஸ்தி என்பதை அழுத்தினார். அம்மா திட்டினாள். அவர் அதற்கு எனக்கு ஒண்ணும் இல்லம்மா என்பதை அழுத்தினார். பிறகு, சாப்ட்டியா என்பதை.

"நீ கேக்காம நான் எப்படிச் சாப்பிடறது?" என்றாள் அவள்.

நர்ஸ் அவள் கைக்கட்டை அவிழ்த்தாள். கஞ்சியை மைக்காரர் ஸ்பூனில் எடுத்து அம்மாவின் உதட்டில் வைத்தார். அவள் விழுங்கினாள். இன்னொன்று. இன்னொன்று. நடுவில் அம்மா போன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரகசியம்போலச் சொன்னாள்.

"இங்க ஒருத்தர் ஊட்டி விடறாருடா. வாயே தெறக்க மாட்டேங்கறாரு. பாவம், பேச வராதுபோல. நல்ல மனுஷன். நீ வர்றப்ப அவருக்கு ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லிட்டுப் போ."

மனைவி சட்டென்று எழுந்து நடைவழிக்குப் போய்விட்டாள். மைக்காரர் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். போனில் தேடினார். சரிம்மா என்பதை அழுத்தினார்.

அதன் பிறகு தினமும் போகிறார். உடம்பு ஏறி அம்மா இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறாள். போன் பேச்சு முடிந்ததும், பக்கத்தில் இருக்கும் பேசாத மனுஷனிடம் தன் மகனைப் பற்றிக் குறை சொல்கிறாள். போனில் நன்றாகத்தான் பேசுகிறான், நேரில் வரத்தான் மாட்டேன் என்கிறான் என்று. கூண்டிலிருந்து எவ்வளவு பெரிய குரலில் பேசுவான் தெரியுமா என்றும் சொல்கிறாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கையை அவள் இப்போது உதறுவதில்லை.